கறிவேப்பிலையில் அதற்கும் ஒரு பங்கு

சிங்கப்பூரில் வாழும் காட்டு உயிர் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் பலர் உடனே நீர்நாய் என்போம். அடுத்து குரங்கு, காட்டுப்பன்றி, இருவாய்ச்சி என்று பட்டியல் நீளும். இவற்றைப் பார்க்கப் பூங்காவுக்கோ காப்புக் காட்டுக்கோ போகவேண்டும். இல்லாவிட்டால் யாரோ எடுத்த காணொளியைக் கைப்பேசியில் பார்க்கலாம். நாம் எங்கும் போகாமல், நம் வீவக வீட்டு வாசலிலேயே பிறந்து வளரும் காட்டு உயிர் ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் வளர்ப்பதில்லை, யாரும் தீனி போடுவதில்லை. அம்மாவோ பாட்டியோ தாழ்வாரத்தில் தொட்டி வைத்து வளர்க்கும் கறிவேப்பிலைச் செடிதான் அதன் வாழ்விடம். பெரும்பாலும் அங்கேயே அது நம் கையால் சாகவும் செய்கிறது.

அந்த உயிர் ஒரு வண்ணத்துப்பூச்சி. ஆங்கிலத்தில் காமன் மோர்மன் என்பார்கள். அறிவியல் பெயர் பபிலியோ பாலிடெஸ். தமிழில் அதற்கு அழகான பெயர் ஒன்று உண்டு: கறிவேப்பிலை அழகி. எங்கு வாழ்கிறது, எதைத் தின்கிறது என்ற இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறது தமிழ். இந்த அழகிக்கு நம் செடியில் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். ஏன் என்பதை அதன் உருவத்திலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

ஒரே இனம், மூன்று தோற்றம்

சிறகை விரித்தால் ஏறக்குறைய எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஆண் வண்ணத்துப்பூச்சி முழுக்கக் கறுப்பு. பின்சிறகின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகச் சேர்ந்து ஒரு பட்டைபோல் ஓடும். முன்சிறகின் ஓரத்திலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பின்சிறகின் கீழே சிறிய வால்போல ஒரு நீட்சி இருக்கும். காலை வெயிலில் இட்லிப்பூச் செடிகளின் மேல் நிற்காமல் படபடத்துத் தேன் குடித்துக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் பூச்சியை நீங்கள் நூறு முறையாவது பார்த்திருப்பீர்கள்.

பெண்ணைப் பற்றிப் பேசும்போதுதான் கதை சுவையாகிறது. சிங்கப்பூரில் இதன் பெண்ணுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒரு வடிவம் அப்படியே ஆணைப்போல இருக்கும். இன்னொன்றைப் பார்த்தால் வேறு இனம் என்றே சொல்வீர்கள். பின்சிறகின் நடுவில் பெரிய வெள்ளைத் திட்டும், ஓரங்களில் சிவப்புப் புள்ளிகளும் அதற்கு இருக்கும். இந்தப் பெண் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேடத்தைப் போட்டிருக்கிறது. அந்த வேறொன்றின் பெயர் காமன் ரோஸ். 2015இல் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் நடத்திய பொது வாக்கெடுப்பில் நாட்டின் வண்ணத்துப்பூச்சியாக மக்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

காமன் ரோஸின் வேடத்தை ஏன் போடவேண்டும்? காமன் ரோஸின் புழு ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்துக் கொடிகளைத் தின்று வளர்கிறது. அந்தக் கொடிகளில் நச்சுப்பொருள் இருக்கிறது. ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். புழு அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. வண்ணத்துப்பூச்சியான பிறகும் நஞ்சு போவதில்லை. ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை, கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த அந்தத் தோற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை ஒதுங்கிப் போகும். கறிவேப்பிலை அழகிக்கு அப்படி எந்த நஞ்சும் இல்லை. ஆனால் நஞ்சுள்ளதுபோல் உடுத்திக்கொண்டால் பறவை ஏமாறும் அல்லவா? அதற்குத்தான் இந்த வேடம்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. சிறகை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். காமன் ரோஸின் தலையிலும் வயிற்றுப் பகுதியிலும் பளிச்சென்ற சிவப்பு இருக்கும். வேடம் போட்டதன் உடல் கறுப்பு. சிறகை மாற்றிக்கொண்டதே தவிர உடம்பை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த ஏமாற்று வித்தைக்கு ஓர் அளவும் உண்டு. வேடதாரிகள் பெருகி உண்மையான நஞ்சுப்பூச்சிகள் குறைந்துவிட்டால், பறவைக்குக் கிடைப்பதெல்லாம் சுவையான பூச்சிகளாகவே இருக்கும். பிறகு அந்த நிறத்தைக் கண்டு எந்தப் பறவையும் ஒதுங்காது. அதாவது, ஆடுதின்னாப்பாளைக் கொடி குறைந்தால் காமன் ரோஸ் குறையும். காமன் ரோஸ் குறைந்தால் கறிவேப்பிலை அழகியின் வேடமும் பலிக்காது. வாழ்விடம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி விளக்கமாகப் படித்திருப்போம். அது எத்தனை இழைகளால் பின்னப்பட்டது என்பதை இந்த ஒரு பூச்சியே காட்டிவிடுகிறது.

அறிவியலைக் குழப்பிய அழகி

இந்தப் பூச்சி அறிஞர்களையும் குழப்பியிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இனப் பெயர் வைத்திருந்த காலமும் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். டார்வினோடு பரிணாமக் கொள்கைக்கு உரியவராகப் பேசப்படும் அதே வாலஸ்தான். அவர் 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கி, புக்கிட் தீமா காட்டில் பூச்சிகளைச் சேகரித்தவர். மலாயத் தீவுகளின் பெரிய வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அவர் 1864இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசித்து, 1865இல் அச்சான ஆய்வுரை புகழ்பெற்றது. ஒரே இனத்தில் பெண் மட்டும் பல வடிவம் எடுக்கும் வியப்பை அதில் அவர் விரிவாகப் பேசினார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய இனங்களில் கறிவேப்பிலை அழகியும் ஒன்று.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2014இல், அந்த வேடத்தின் மரபணு நேச்சர் ஆய்விதழில் வெளியான கட்டுரையில் அடையாளம் காட்டப்பட்டது. முதல் ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே என்ற இந்தியர். சிறகின் வடிவம், வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளி என்று இத்தனை மாற்றங்களுக்கும் பல மரபணுக்கள் ஒன்றுசேர்ந்து வேலை செய்யவேண்டும் என்றுதான் அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். இந்த ஆய்வு ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்டியது. பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை வழிநடத்தும் மரபணு அது. ஏற்கெனவே பெண்மையோடு தொடர்புடைய மரபணு ஒன்று பெண்ணின் வேடத்தையும் ஏற்று நடத்துகிறது.

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுப்பவர்கள் இதை ஊன்றிப் படிக்கவேண்டும். இயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால் நாம் எல்லாரும் இங்கிலாந்தின் அந்துப்பூச்சியையும் கலாபகோஸ் தீவின் குருவியையும் எழுதுகிறோம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் பூந்தொட்டியின் மேல் பறப்பதும் அதே பாடம்தான்.

இலைதான் அதன் வீடு

இனி வாழ்விடத்துக்கு வருவோம். இந்தியா, இலங்கையிலிருந்து தென்கிழக்காசியா, சீனா, தைவான் வரை கறிவேப்பிலை அழகி பரவியிருக்கிறது. காட்டு ஓரம், தோட்டம், பூங்கா, அடுக்குமாடி வட்டாரம் என்று எங்கும் பார்க்கலாம். அதற்கு அடர்ந்த காடு கட்டாயமில்லை. ஆனால் ஒன்று கட்டாயம் வேண்டும்: எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் கோனிக் என்ற ஒருவரின் பெயர் ஒட்டியிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுச் செடிகளை ஆராய்ந்த மருத்துவர் அவர்.

தாய்ப்பூச்சி இளந்தளிரைத் தேடி வந்து, ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றாக முட்டை இடும். முட்டை வெளிர்மஞ்சள் நிறம். அளவில் ஊசியின் தலை போன்றது. சுமார் மூன்று நாளில் பொரிந்து புழு வெளிவரும். முதலில் பழுப்பும் வெள்ளையும் கலந்த பறவை எச்சம்போல் இலைமேல் கிடக்கும். எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? அது அதன் முதல் வேடம். தோலை உரித்து உரித்து வளர்ந்து, கடைசிக் கட்டத்தில் இலைப் பச்சையாக மாறிவிடும். அப்போது முன்பக்கத்தில் இரண்டு பொய்க்கண்கள் தெரியும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குபோலப் பிளவுபட்ட சிவப்பு உறுப்பொன்றை நீட்டும். கூடவே காரமான வாடையும் வரும். பயந்துவிட வேண்டாம். அது கடிக்காது, கொட்டாது. உடம்பில் முடியும் இல்லை, எனவே அரிக்காது. நம் வீடுகளில் எல்லாப் புழுவையும் கம்பளிப்பூச்சி என்று ஒரே பேராகச் சொல்லிவிடுவதால் வீண் பழி இதன்மேலும் விழுகிறது.

ஏறக்குறைய இரண்டு வாரம் தின்று வளர்ந்தபின், தண்டிலோ அருகிலுள்ள கம்பியிலோ பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். பத்து நாள் அளவில் சிறகு முளைத்து வெளியே வரும். முட்டை முதல் சிறகு வரை மொத்தம் ஒரு மாதம். தொடக்கப்பள்ளி அறிவியலில் படம் வரைந்து வண்ணம் தீட்டி மனப்பாடம் செய்த நான்கு நிலைகளும் இந்த ஒரு மாதத்துக்குள் வாசலில் நடந்து முடிந்துவிடும்.

இந்தச் செடிக் குடும்பத்தைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொன்றும் புரியும். நம் வீட்டில் கறிவேப்பிலை. மலாய்க்காரர் வீட்டில் லீமாவ் பூருட், லீமாவ் கஸ்தூரி. சீனர் வீட்டில் சீனப் புத்தாண்டுக்கு வாங்கி வைத்த ஆரஞ்சுத் தொட்டி. எல்லாமே எலுமிச்சைக் குடும்பம். ஒரே தாழ்வாரத்தில் மூன்று வீட்டுச் செடிகளையும் பார்த்துக்கொண்டே பறக்கிறது இந்தப் பூச்சி. எந்தச் செடி யாருடையது என்று அதற்குக் கவலையில்லை. புத்தாண்டு முடிந்ததும் குப்பைத்தொட்டி அருகே விடப்படும் சிறு ஆரஞ்சுச் செடியில்கூட அதன் முட்டை இருக்கலாம்.

மருந்து அடிப்பதற்கு முன்

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். கறிவேப்பிலையைப் பாட்டி வளர்ப்பது பூச்சிக்காக அல்ல. ரசத்துக்காகவும் மீன் குழம்புக்காகவும். தொட்டியில் வளரும் சின்னச் செடியில் ஐந்தாறு புழு ஏறினால் ஒரு வாரத்தில் வெறும் குச்சிதான் மிஞ்சும். காலையில் தாளிக்க நான்கு ஈர்க்கு பறிக்க வந்தவருக்கு அதைப் பார்த்தால் கோபம் வராதா? அந்தக் கோபம் நியாயமானது. பல மாதம் தண்ணீர் ஊற்றிய கைக்கு இலைமேல் உரிமை உண்டு. இதை ஒப்புக்கொள்ளாமல் இயற்கையைக் காப்போம் என்று இளையர் நாம் வீட்டில் பேசினால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் கோபத்தில் நாம் செய்வது என்ன? கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்தை எடுத்து இலைமேல் அடிக்கிறோம். அந்த மருந்து உண்ணும் இலைக்காகச் செய்யப்பட்டதல்ல. அடுத்த வாரம் அதே செடியின் இலைதான் நம் சட்டியில் விழப்போகிறது. புழுவைக் கொல்வதற்கு நம் சாப்பாட்டில் நாமே நஞ்சைத் தெளித்துக்கொள்கிறோம். வேப்பெண்ணெய் இயற்கையானது, அதனால் தீங்கில்லை என்று சிலர் சொல்வதுண்டு. மனிதருக்கு அது மென்மையாக இருக்கலாம். இளம்புழுவுக்கு அது நஞ்சுதான்.

கறிவேப்பிலையின் குணமும் இங்கே நமக்கு உதவுகிறது. கிள்ளக் கிள்ளத் தழைக்கும் செடி அது. புழு தின்று மொட்டையாக்கினாலும் வேரும் தண்டும் நன்றாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். நன்கு வளர்ந்த செடி என்றால் நாலைந்து புழுவால் அதற்குப் பெரிய இழப்பில்லை. மேலும், இட்ட முட்டை எல்லாம் வண்ணத்துப்பூச்சி ஆவதுமில்லை. எறும்பும் குளவியும் பறவையும் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும். மருந்து அடிக்காத செடியில் இந்தக் கணக்கை அவையே பார்த்துக்கொள்ளும்.

‘சாதாரணமான’ பூச்சிதானே?

காமன் என்று பெயரிலேயே இருக்கிறது, எங்கும் பறக்கிறது, இதற்காக இவ்வளவு கவலை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு சிங்கப்பூரின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய 160 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தது. இங்கே வாழ்ந்த இனங்களில் கிட்டத்தட்ட பாதி மறைந்துவிட்டதாக அது மதிப்பிட்டது. காடு அழிந்து தோட்டமாகி, தோட்டம் அழிந்து நகரமான தீவில் இது வியப்பளிக்கும் செய்தி அல்ல. வண்ணத்துப்பூச்சி ஒன்று அற்றுப்போக அதை யாரும் பிடித்துக் கொல்லத் தேவையில்லை. அதன் புழு தின்னும் செடி இல்லாமல் போனால் போதும். பூச்சியும் சத்தமில்லாமல் போய்விடும். மறைந்தவற்றில் பலவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது. தெரியாததால் இழந்தோம் என்ற உணர்வும் இல்லை.

மிஞ்சியவற்றில் கறிவேப்பிலை அழகி நம்மோடு வாழக் கற்றுக்கொண்ட இனம். காட்டுச் செடி போனபோது தொட்டிச் செடிக்கு மாறிக்கொண்டது. அருகிப்போன இனத்தைக் காக்க அறிவியலாளரும் அரசாங்கமும் பெரும்பாடு பட வேண்டும். எங்கும் இருக்கும் இனத்தைக் காக்கத் தேவைப்படுவதோ ஒரு பிடி இலையும் கொஞ்சம் பொறுமையும். இந்த எளிய வேலையே நம்மால் முடியாவிட்டால் கடினமான வேலையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இன்னொரு பரவலான எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். பூச்செடி நட்டால் வண்ணத்துப்பூச்சி பெருகும் என்று பள்ளித் தோட்டங்களில் வண்ண வண்ணப் பூக்களாக நடுகிறோம். பூ என்பது வளர்ந்த பூச்சிக்குச் சாப்பாட்டுக் கடை. கடையில் வந்து சாப்பிடும். ஆனால் கடையில் குடும்பம் நடத்த முடியாது. குழந்தை வளர்ப்பதற்கு இலை வேண்டும், அதுவும் அந்தந்த இனத்துக்கு உரிய இலை வேண்டும். தேசிய பூங்காக் கழகம் சாலையோர இயற்கைப் பாதைகளிலும், ஆர்ச்சர்ட் சாலையை ஒட்டிய வண்ணத்துப்பூச்சிப் பாதையிலும் பூச்செடிகளோடு புழுக்களுக்கான உணவுச் செடிகளையும் சேர்த்து நடுவது இதனால்தான். ஆர்ச்சர்ட் சாலையில் செய்ய முடிந்ததை நம் புளோக்கிலும் செய்ய முடியும்.

நாம் செய்யக்கூடியவை

இரண்டு செடி வளர்ப்போம். ஒன்று சமையலுக்கு, மற்றொன்று பூச்சிக்கு. சமையல் செடியில் புழுவைக் கண்டால் இலையோடு பறித்து மற்றச் செடியில் வைத்துவிடலாம். புழுவைக் கையால் தொடத் தேவையில்லை. இரண்டு தொட்டிக்கு இடமில்லை என்றால் ஒரே செடியில் இரண்டு கிளையை அதற்கென்று ஒதுக்கலாம். பாட்டிக்கும் புழுவுக்கும் இடையே இதைவிட நல்ல சமரசம் எனக்குத் தோன்றவில்லை.

தொட்டி வைப்பதிலும் பொறுப்பு வேண்டும். தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்கவேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. தொட்டியின் கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் நாம் வளர்ப்பது ஏடிஸ் கொசுவாக இருக்கும். கொசு பெருகினால் புகை அடிக்க வேண்டி வரும். அந்தப் புகை கொசுவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. தேங்கிய தண்ணீரை அகற்றுவதே முதல் வேலை என்று தேசிய சுற்றுப்புற வாரியம் ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறது. அதைக் கேட்டு நடந்தால் டெங்கிக் காய்ச்சலிலிருந்து நாமும் தப்புவோம், புகையிலிருந்து வண்ணத்துப்பூச்சியும் தப்பும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு மாதம் ஒரு செடியைக் கவனித்துப் பதிவு செய்யலாம். முட்டை எத்தனை, புழு எத்தனை, கூட்டுப்புழுவானது எத்தனை, சிறகு முளைத்துப் பறந்தது எத்தனை? தேதியோடு எழுதி வைத்தால் அதுவே நல்ல அறிவியல் செயல்திட்டம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசியும் ஒரு நோட்டும் போதும். எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் இடமும் நாளும் குறித்துப் பதிவேற்றினால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தேசிய பூங்காக் கழகம் பொதுமக்களைக் கொண்டு நடத்தும் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பிலும் சேரலாம். ஆனால் ஒன்று, ஆர்வக் கோளாற்றில் பூங்காவிலோ காப்புக் காட்டிலோ பூச்சியையும் புழுவையும் பிடித்து வரக்கூடாது. அதற்கு அனுமதியில்லை. பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. அதுவே வாசல் தேடி வருகிறது.

பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். குடியிருப்பாளர் குழுக்களும் சமூகத் தோட்டங்களும் பல வட்டாரங்களில் இயங்குகின்றன. அவற்றில் பெரும்பாலும் மூத்தவர்கள்தான் மண்வெட்டி பிடிக்கிறார்கள். செடியைப் பற்றிய அவர்கள் அனுபவமும், பூச்சியைப் பற்றி நாம் படித்ததும் ஓரிடத்தில் சேர்ந்தால், எந்தச் செடிக்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கூடிப் பேசி முடிவெடுக்கலாம். தோட்டத்தின் ஒரு மூலையில் கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆடுதின்னாப்பாளைக் கொடி மூன்றையும் வைத்து, இந்த மூலைக்கு மருந்து இல்லை என்று ஒரு பலகை மாட்டினால், வேடம் போட்டதையும் வேடத்துக்கு மூலமானதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பலகையை நான்கு மொழியிலும் எழுதுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்

மொழி என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். இருமொழிக் கல்வியில் வளர்ந்த நமக்கு அறிவியல் என்றால் ஆங்கிலம், தமிழ் என்றால் இலக்கணமும் கட்டுரையும் என்று ஒரு பிரிவினை மனத்தில் விழுந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சியைப் பற்றித் தமிழில் எழுதச் சொன்னால் பூவுக்குப் பூ தாவும், சிறகடிக்கும், மனம் மகிழும் என்று எழுதி முடித்துவிடுகிறோம். எந்த வண்ணத்துப்பூச்சி, எந்தப் பூ என்று கேட்டால் பதில் இல்லை. தமிழ்நாடு அரசு 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சி ஒன்றை அறிவித்து, அதைத் தமிழ் மறவன் என்றே அழைக்கிறது. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி போன்ற பெயர்களும் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. இவற்றை நாம் பேச்சில் எடுத்தாள வேண்டும்.

பெயர் தெரிந்தால் பார்வையும் மாறும். “செடியில் புழு” என்றால் நம் கை மருந்துப் புட்டியைத் தேடும். “செடியில் கறிவேப்பிலை அழகியின் குஞ்சு” என்று பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து குனிந்து பார்ப்பார். ஊரில் தம் வீட்டுக் கொல்லையில் பார்த்த பூச்சியைப் பற்றி நீங்கள் கேளாத கதை ஒன்றையும் அவர் சொல்லக்கூடும்.

இந்தத் தீவில் இடம் குறைவு. மனிதருக்கே இடம் போதவில்லை என்னும் இடத்தில் காட்டு உயிருக்கு இடம் கேட்பது பேராசையாகத் தோன்றலாம். கறிவேப்பிலை அழகி கேட்பது ஏக்கர் கணக்கில் காடு அல்ல. ஒரு மாதத்துக்கு இரண்டு கிளை. நாளைக் காலை பள்ளிக்கோ கல்லூரிக்கோ கிளம்பும்போது வாசலில் இருக்கும் செடியின் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பறவை எச்சம்போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிடாதீர்கள். நான்கு நாள் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே வீட்டில் உள்ளவர்களிடமும், இந்த மாதம் இந்தச் செடிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.